ஒரே தடவை கேட்கும் ஊர்

ஆர்லன் ஹாகனுக்கு அறுபத்துநாலு வயது. அதில் முப்பத்தொரு வருடம் மின்னசோட்டாவில் எங்கள் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். கோடையில் அதே சாலைகளில் சரளைக்கல்லைப் பரப்பிச் சமப்படுத்தினார். இந்த அறுபத்துநாலு வருடத்தில் யார் எதை நீட்டினாலும் முதல் தடவையிலேயே அவர் கை நீட்டி வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது.

இது ஏதோ அவருடைய தனிக் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஹோல்ம் ஏரி ஊரே அப்படித்தான். ஒருவர் வீட்டுக்குப் போகிறீர்கள், காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்பார்கள். "எனக்காகச் சிரமப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது, "ஏற்கெனவே போட்டிருந்தா ஒரு அரைக் கப்" என்று சொல்லி, இரண்டு கப் குடித்துவிட்டு வரலாம். முதல் தடவையிலேயே "கொடுங்க" என்று சொன்ன மனிதர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அயோவாவிலிருந்து வந்து குடியேறியவர். நல்லவர்தான், யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. ஆனாலும் சர்ச்சில் அவர் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

ஆர்லன் இந்த முறையை விரதம் மாதிரி காப்பாற்றினார். பனி வண்டி வேலையையே அவர் இரண்டு தடவை மறுத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. கேட்டவள் மார்லிஸ். முதல் தடவை நடன அரங்கின் வாசலில் கேட்டாள், "உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்" என்றார். இரண்டாவது தடவை உறைந்த ஏரியின்மேல் மீன் பிடிக்கும் கொட்டகையில் கேட்டாள், "நீ வேற நல்ல எடமாப் பாரு" என்றார். அவளும் அதே ஊர்க்காரி என்பதால் மனம் தளரவில்லை. மூன்றாவது தடவை பல் டாக்டரின் வாசலில் வைத்துக் கேட்டாள். அப்போதுதான் கடைவாய்ப்பல் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சு இருந்தது. அதனால் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பஞ்சு இல்லையென்றால் அக்கா இன்றுவரை கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள் என்று மார்லிஸின் தங்கை டோரீன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் சொல்வாள்.

இவர்களுக்கு ஒரே பெண், பிரிட். பத்தொன்பது வயதில் லாஸ் வேகஸுக்குப் போனவள் பதினொரு வருடமாக அங்கேயே இருக்கிறாள். ஒரு சூதாட்ட விடுதியில், இருபத்தொன்று ஆட்டம் நடக்கும் மேஜையில் சீட்டுப் போடுகிற வேலை. மார்லிஸ் சர்ச்சில், "பிரிட் ஹோட்டல்ல இருக்கா" என்று சொல்வாள். ஹோட்டலில்தான் இருக்கிறாள், பொய்யில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஆனால் தெரியும் என்று காட்டிக்கொள்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிட் போன் செய்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை ரூபென், சூதாட்டக் காசு மிஷின்களை ரிப்பேர் செய்கிறவன். மார்ச் பதினான்காம் தேதி அந்த ஊரிலேயே கல்யாணம். மார்லிஸ் பேசி முடித்து, கொஞ்சம் அழுது, போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அடுப்பில் இருந்ததைப் பார்க்கப் போனாள்.

"அப்பா, அன்னிக்கு நீங்க என் கையைப் பிடிச்சு மேடை வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்களா?"

அவள் பிறந்த நாளிலிருந்து அவர் காத்திருந்த கேள்வி அது. இதைவிடப் பெரிதாக அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கும்மா. நான் ஒரு ஓரமா உக்காந்து பாத்துக்கறேன்."

"நெஜமாவாப்பா?"

"எனக்காக நீ சிரமப்படாதே."

"சரிப்பா" என்றாள்.

ஆர்லன் போனை வைத்துவிட்டு உற்சாகமாக வெளியே போய் விறகு பிளந்தார். இரண்டு தடவை ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது தடவையை நேரில் கேட்பாள், அதுதானே அழகு. மறுநாளிலிருந்து வண்டிக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு, பனி வாரும் மண்வெட்டியின் பிடியை முழங்கைக்குள் செருகி, மெதுவாக நடந்து பழகினார். ஒரு அடி வைத்து, நின்று, அடுத்த அடி. மண்வெட்டிக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டார்.

மார்ச் பதினோராம் தேதி ஆர்லனும் மார்லிஸும் விமானம் ஏறினார்கள். டோரீனும் வந்தாள். வருகிறாயா என்று அவளை மூன்று தடவை கேட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் விமானத்தை விட்டு இறங்கிய இடத்திலேயே காசு மிஷின்கள் வரிசையாக நின்று கண்ணடித்தன. "பெட்டி வர்றதுக்கு முன்னாடியே பையில கை விடறாங்களே" என்று டோரீன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிரிட் அவர்களுக்கு அறை போட்டிருந்த விடுதி ஆல்ப்ஸ் மலை மாதிரி கட்டப்பட்டிருந்தது. வெளியே பேரீச்ச மரமும் பாலைவன வெயிலும். உள்ளே நுழைந்தால் கூரையைத் தொடும் பிளாஸ்டர் மலை, பிளாஸ்டர் ஆடு, தோல் டிராயர் போட்ட ஐந்து பேர். மணிக்கு ஒரு தடவை அந்த ஐந்து பேரும் மலைப் பாட்டு என்று ஊளையிட, மேலேயிருந்து பனி கொட்டியது. சோப்பு நுரைதான். அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் வரிசை கட்டினார்கள். பனியிலிருந்து ஒரு வாரம் தப்பிக்க வருடம் முழுதும் நாங்கள் சேமிக்கிறோம். இவர்கள் பணம் கொடுத்து அதன் அடியில் போய் நிற்கிறார்கள்.

ஆர்லன் படம் எடுக்கவில்லை. நுரையை ஒதுக்கிக்கொண்டிருந்த ஊழியரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசப் பக்கமாத் தள்றான் பாரு. காத்து திரும்பினா எல்லாம் உள்ளதான வரும்."

"உள்ள ஏது ஆர்லன் காத்து?" என்றாள் மார்லிஸ்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

அந்த ஊரோடு அவருக்கு முதல் மோதல் தண்ணீர் விஷயத்தில் வந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்தால் குடிப்பதற்கு இலவசமாகக் கொடுப்பார்கள். இறகு வைத்த தொப்பி போட்ட ஒரு பெண் தட்டோடு வந்து, "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

"பரவால்லம்மா, எதுக்கு" என்றார் ஆர்லன்.

அவள் போய்விட்டாள். போயே போய்விட்டாள். பாலைவனக் காற்றில் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கால் மணி கழித்து அவள் திரும்பி வந்தபோது ஆர்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பக்கத்து ஆளிடம் கேட்டாள். அந்த ஆள் முகத்தைக்கூடத் திருப்பாமல், "பீர்" என்றான். நன்றி, தயவு செய்து, சிரமமில்லையென்றால், ஒன்றும் கிடையாது. கேட்ட ஐந்து நிமிடத்தில் பீர் வந்தது.

"வாயைத் திறந்து கேட்டாத்தான் என்ன?" என்றாள் டோரீன்.

"ஒரு தடவைதான கேட்டிருக்கா. இன்னும் ரெண்டு இருக்கு."

"அவ உன் அத்தை பொண்ணா, மூணு தடவை வந்து கெஞ்சறதுக்கு? தாகத்துல செத்தா உன்னை ஊருக்கு யாரு தூக்கிட்டுப் போறது?"

டோரீன் சீக்கிரமே கெட்டுப்போனாள். முதல் நாள் சாயங்காலத்துக்குள்ளேயே அந்தப் பெண்ணைப் பார்த்து, "எனக்கு ஒண்ணு, காகிதக் குடை வெச்சது" என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். மிஷினில் நாற்பது டாலர் விழுந்தபோது மட்டும் பழைய பழக்கத்தில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் பிரிட்டும் ரூபெனும் அவர்களைப் பெரிய பஃபே ஒன்றுக்கு அழைத்துப்போனார்கள். எலுமிச்சைப் பை என்கிற இனிப்பு வைத்திருந்த தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. கடைசித் துண்டை எடுப்பவனை எங்கள் ஊரில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். ஆர்லன் அதைப் பாதியாக வெட்டி, பாதியை எடுத்தார். மார்லிஸ் மிச்சத்தில் பாதி எடுத்தாள். எவ்வளவு கெட்டிருந்தாலும் டோரீனும் அதில் பாதிதான் எடுத்தாள். தட்டில் நகக்கண் அளவு ஒன்று, மானத்தோடு நின்றது. ஒரு பணியாள் வந்து அந்தத் தட்டைத் தூக்கிக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, முழுசாகப் பன்னிரண்டு துண்டு உள்ள புதுத் தட்டை வைத்துவிட்டுப் போனார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ரூபென் பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தான், எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினான், கேட்காமலே ஊற்றினான். ஆர்லனுக்கு அவனை உடனே பிடித்துப்போயிற்று. பிரிட் கல்யாண ஏற்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சனிக்கெழமை ரெண்டு இருபதுக்கு, கல்யாண சர்ச்ல. இருபது நிமிஷம்தான் நமக்கு, ரெண்டு நாப்பதுக்கு அடுத்த ஜோடி. பூ, போட்டோ, போதகர் எல்லாம் அவங்களே. என்னை மேடைக்குக் கூட்டிட்டுப் போக கஸ் வர்றார்."

"யாருடி கஸ்?" என்றாள் மார்லிஸ்.

"அங்க வேலை பாக்கறவர், பழைய ராக் பாடகர் வேஷம் போடுவார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், அது முழுக்கச் சம்கி, பெரிய கிருதா. பாட்டும் பாடுவார். பேக்கேஜ்ல அவரும் உண்டு."

மார்லிஸ் கணவரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "அப்ப உங்கப்பா?"

"கேட்டேனே. வேணாம்னுட்டார்." பிரிட் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கைத்துடைப்பானை மடித்து, மறுபடி மடித்து, தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

வேண்டாம் என்று ஆர்லன் எங்கே சொன்னார்? இரண்டு தடவைதானே சொன்னார். ஆனால் எங்கள் ஊர்க்காரன் இப்படிப்பட்ட இடத்தில், "நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேம்மா" என்று சொல்ல மாட்டான். ஜாடையாகச் சொல்வான்.

"கறுப்பு சூட்டைக் கொண்டாந்திருக்கேன்" என்றார். "தோள்ல கொஞ்சம் பிடிக்குது. ஆனா நடக்கறதுக்கு நல்லா இருக்கு."

"நல்லதுப்பா."

"முழங்கால்கூட இப்பல்லாம் வலிக்கறதே இல்ல."

"சந்தோஷம்பா."

"இந்த ஊர்ல தரையெல்லாம் வழவழன்னு போட்டிருக்கான். மெதுவா நடக்கறதுக்கு மோசமில்ல."

ரூபென் முகம் மலர்ந்தான். "மிஸ்டர் ஹாகனுக்கு நடக்கப் பிடிக்கும்போல. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வர்றேன். செம்பாறைப் பக்கம் கூட்டிட்டுப் போறேன், அருமையான பாதை."

அறைக்கு வந்ததும் மார்லிஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். "உனக்கு வெக்கமா இல்ல? சம்கிக்காரன் கைல பொண்ணைக் கொடுத்துட்டு நீ உக்காந்து வேடிக்கை பாக்கப்போறியா?"

"அவ மூணாவது தடவை கேப்பான்னு இருந்தேன்."

"அவ இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு ஆர்லன். நாளைக்கு நீயே போய்க் கேளு."

"நானாப் போய் எப்படிக் கேக்கறது? நல்லாவா இருக்கும்?"

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சொல்லி அவ கேட்டா அது கேட்டதாகாது. பரிதாபப்பட்டதாகும். சொல்லிடாத மார்லிஸ், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்." கெஞ்சிக் கேட்கிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. ஆனால் அதை மகளிடம் சொல்ல வரவில்லை.

மறுநாள் காலையில் ரூபென் அவரை ஆறு மைல் நடத்திவிட்டான். பாறை ஏற்றம் வேறு. அருமையான பையன், வழியெல்லாம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். திரும்பி வந்தபோது ஆர்லனின் முழங்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஐஸ் கட்டியை ஒற்றிக்கொண்டே, பிரிட் ஏதாவது கேட்பாள் என்று வியாழன் முழுதும் காத்திருந்தார். அவள் முழங்காலைப் பற்றித்தான் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரிட் தான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க அழைத்தாள். ஒரு தடவைதான் அழைத்தாள். மார்லிஸ் கணவருக்கு முந்திக்கொண்டு, "வர்றோம்" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் செய்த முதல் அத்துமீறல் அது.

சொந்தக்காரர்கள் அவள் மேஜையில் ஆடக் கூடாது என்பது விதி. அதனால் ஆர்லன் பித்தளைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். மகளை அப்படி அவர் பார்த்ததே இல்லை. கறுப்பு அரைக்கோட்டு, இறுக்கிக் கட்டிய தலைமுடி, பச்சைத் துணியின்மேல் சீட்டுகளை வழுக்கிவிடும் கைகள். ஆட்டம் தொடங்கும் முன் அவர்கள் பக்கம் திரும்பி முறையைச் சொன்னாள்.

"இன்னொரு சீட்டு வேணும்னா விரலால மேஜையைத் தட்டணும். வேணாம்னா உள்ளங்கையைக் கவுத்து இப்படி ஆட்டணும். வாயால சொல்றது செல்லாதுப்பா. மேல கேமரா இருக்கு பாருங்க, அதுக்குக் கைதான் தெரியும். அப்புறம் நான் வேணும்னேன், வேணாம்னேன்னு யாரும் சண்டைக்கு வர முடியாது."

மேஜையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர், "போடலாமா, வேணாமா, இவ்ளோ நாள் கழிச்சு வந்திருக்கேன், தெரியலையே" என்று புலம்பிக்கொண்டிருந்தார். பிரிட் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்தாள். புலம்பலின் நடுவில் விரல் ஒரு தடவை துணியைத் தொட்டது. சீட்டு விழுந்தது. அடுத்த பெண்ணிடம் கண்ணால் கேட்டாள். அந்தப் பெண் கையை ஆட்டியதும் நகர்ந்துவிட்டாள். யாரிடமும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஆர்லன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. பதினொரு வருடம், நாளைக்கு எட்டு மணி நேரம், ஒரே தடவை கேட்டு ஒரே பதிலில் நகர்ந்து பழகியவள் அவள். அன்றைக்குப் போனில் "நெஜமாவாப்பா" என்று இரண்டாவது தடவை கேட்டாளே, அவளைப் பொறுத்தவரை அதுவே ஊருக்குக் கொடுத்த பெரிய மரியாதை. அதற்குமேல் கேட்க அவளுக்கு வழியில்லை. அப்பாவுக்குத் தன் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று நினைத்திருப்பாள். சீட்டுப் போடுகிறவளின் கையைப் பிடித்து நடக்க வெட்கப்படுகிறார் என்று நினைத்திருப்பாள். நினைத்து, அழுதுவிட்டு, போய் கஸ்ஸை ஏற்பாடு செய்திருப்பாள். இந்த எண்ணம் வந்ததும் ஆர்லனுக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று, நெஞ்சுதான் வலித்தது.

சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு இரண்டு தடவை வாயைத் திறந்தார். முதல் தடவை, "ரூபென் வண்டியில எண்ணெய் மாத்தணும்" என்று வந்தது. இரண்டாவது தடவை, "நம்ம ஊர்ல இந்நேரம் மறுபடி பனி விழுந்திருக்கும்" என்று வந்தது.

சனிக்கிழமை வந்தது. கல்யாண சர்ச் ஒரு டயர் கடைக்கும் ஒரு அடகுக் கடைக்கும் நடுவில் இருந்தது. வெளியே வெள்ளைக் கோபுரம், அதைச் சுற்றி ரோஜா நிற விளக்குகள் மத்தியான வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு மணிக்கு உள்ளே போன ஜோடி சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு சிறிய முன்னறை. விருந்தினர் கையெழுத்துப் போடும் புத்தகம் ஒரு மரமேஜையின்மேல் இருந்தது. அதற்கு அப்பால் கதவு, கதவுக்கு அப்பால் பதினாறு அடி நீளத்துக்குச் சிவப்புக் கம்பளம், கம்பளத்தின் முடிவில் போதகரும் ரூபெனும். மார்லிஸும் டோரீனும் உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். பதினாறு அடிக்காகவா ஒரு மாதம் பயிற்சி எடுத்தோம் என்று ஆர்லன் நினைத்துக்கொண்டார்.

கஸ் வந்தார். சம்கி உடுப்பு நடக்க நடக்கக் கிலுகிலுத்தது. கிருதாவில் ஒன்று லேசாகப் பிரிந்திருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆர்லனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

"பொண்ணோட அப்பாவா? அடடா, இது தெரியாதே எனக்கு. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா சார்? நான் பாட்டு மட்டும் பாடிக்கறேன்."

கடவுளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆர்லன் வாயைத் திறந்தார்.

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு. நீங்களே போங்க."

"சரி சார்" என்றார் கஸ்.

அறுபத்துநாலு வருடமாக வளர்த்த நாக்கு, எஜமானையே கடித்துவிட்டது. ஆர்லன் புத்தகம் இருந்த மேஜை ஓரத்தில் சிலை மாதிரி நின்றார். பக்கத்து அறையிலிருந்து பிரிட் வந்தாள். சாதாரண வெள்ளை கவுன், கையில் மஞ்சள் பூ. அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், என்னமோ விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போல. அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. அவள் கஸ்ஸின் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள். கதவு திறந்தது. உள்ளே ஆர்கன் ஆரம்பித்தது.

"அப்பா, உள்ள போய் உக்காருங்க. நேரம் ஆச்சு."

ஆர்லன் வாயைத் திறந்தார். அதில் என்ன வரும் என்று அவருக்கே தெரியும். அதனால் மூடிக்கொண்டார். வலது கையின் இரண்டு விரல்களால் மேஜையைத் தட்டினார்.

அந்தச் சத்தம் ஆர்கனுக்கு நடுவில் யாருக்கும் கேட்டிருக்காது. பிரிட்டுக்குக் கேட்டது. அவள் கண் தானாகக் கீழே இறங்கி அவர் விரலில் நின்றது. யோசிப்பதற்கு முன்பே அவள் கை கஸ்ஸின் சம்கியிலிருந்து நழுவிவிட்டது. பிறகுதான் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குச் சிரமம்னா வேணாம்மா" என்றது ஆர்லனின் வாய், எவ்வளவு மூடினாலும் நிற்காமல். "இவ்ளோ தூரம் ஏற்பாடு பண்ணியிருக்க, அவருக்கும் சங்கடம், நான் ஒரு ஓரமா..."

"வாயால சொல்றது செல்லாதுப்பா" என்றாள் பிரிட். குரல் உடைந்திருந்தது. "இன்னொரு தடவை தட்டுங்க."

தட்டினார். மேஜைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழும்படி தட்டினார்.

கஸ் ஒதுங்கி நின்று கிருதாவை ஒட்டவைத்துக்கொண்டார். "பேக்கேஜ்ல எனக்குன்னு கட்டின காசைத் திருப்பித் தர மாட்டாங்க சார், முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார். ஆர்லனுக்கு அது காதில் விழவே இல்லை. முழங்கையை மடித்து நீட்டினார். ஒரு மாதமாக மண்வெட்டி இருந்த இடத்தில் மகளின் கை வந்து உட்கார்ந்தது.

ஆறு மைல் நடந்து வீங்கிய முழங்காலோடும், ஒரு மாதப் பயிற்சியோடும், பதினாறு அடி கம்பளத்தை அவர் கடந்த விதத்தைப் பற்றி டோரீன் இன்றும் பேசுகிறாள். ஒரு அடி வைத்து, நின்று, அடுத்த அடி. முப்பத்தொரு வருடம் பனிச்சாலையில் அவர் வண்டி போன அதே வேகம். ஆர்கன்காரர் பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். டோரீன் அக்காவின் காதில், "இவரு மேடைக்குப் போறதுக்குள்ள பேரன் பொறந்துடுவான்" என்றாள். மார்லிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வெளியே இரண்டு நாற்பதுக்கு வரவேண்டிய ஜோடி வந்து கதவு வழியாக எட்டிப்பார்த்தது.

போதகர் நல்ல வேகக்காரர், அன்றைக்கு அது அவருக்குப் பதினோராவது கல்யாணம். "இந்தப் பெண்ணை மணமகனிடம் ஒப்படைப்பது யார்?" என்று கேட்டார்.

"நான்" என்றார் ஆர்லன். முதல் தடவையிலேயே.

மார்லிஸ் டோரீனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நன்றி சார். இப்ப நீங்க கையை விடலாம்" என்றார் போதகர்.

ஆர்லன் விடவில்லை. போதகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தி, "சார், கையை விடலாம்" என்றார். ஆர்லன் ரூபெனைப் பார்த்துத் தலையசைத்தார், பூவைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார். கையை மட்டும் விடவில்லை. இந்த ஊரில் யாரும் எதையும் மூன்று தடவை சொல்வதில்லை என்பது அவருக்கு இப்போது தெரியும். அது நன்றாகத் தெரிந்ததால்தான் அப்படியே நின்றார்.

பிரிட் அவர் பக்கம் சாய்ந்தாள். அவள் கண் மை கலைந்து கன்னத்தில் கறுப்பாக வழிந்திருந்தது.

"அப்பா" என்றாள் மெதுவாக. "கையை விடுங்கப்பா."

அது மூன்றாவது தடவை. ஆர்லன் விட்டார்.